ஃபில்லெட் போட்ட பிறகும் ஏன் கோடு தெரிகிறது? கேட் மாடலில் பரப்புகளைச் சீராகச் சேர்ப்பது எப்படி

கேட் (CAD) என்னும் கணினி வடிவமைப்பு மென்பொருளில் ஒரு பெட்டி வரைகிறீர்கள். மேல்முகமும் பக்கமுகமும் சந்திக்கும் கூர்விளிம்பில் 10 மி.மீ. ஃபில்லெட் போடுகிறீர்கள், அதாவது விளிம்பை 10 மி.மீ. ஆரமுள்ள வட்டவில்லாக உருட்டிவிடுகிறீர்கள். திரையில் அழகாக உருண்டு நிற்கிறது. அதையே பளபளக்கும் கறுப்பு நிறத்தில் ரெண்டர் செய்து பாருங்கள், அல்லது பிளாஸ்டிக்கில் வார்த்து மெருகேற்றி ட்யூப்லைட்டுக்கு அடியில் பிடியுங்கள். தட்டை முடிந்து உருட்டல் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரியும். விரலுக்குப் படியோ முனையோ தட்டுப்படாது. கண் மட்டும் அதை விடாது.

அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துவிட்டால், பரப்புகளைச் சேர்த்து வடிவம் கட்டும் சர்ஃபேஸ் மாடலிங்கில் பாதி புரிந்த மாதிரி. பளபளப்பான பொருளில் நாம் பார்ப்பது அதன் வடிவத்தை அல்ல. அதில் பிரதிபலிக்கும் விளக்கையும் சன்னலையும்தான். பிரதிபலிப்பு எங்கே விழும் என்பதைத் தீர்மானிப்பது அந்த இடத்தில் பரப்பு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது. கணக்கில் அதைச் செங்கோடு என்பார்கள், மென்பொருளில் நார்மல். தட்டையான முகத்தில் எவ்வளவு தூரம் போனாலும் நார்மல் திரும்புவதே இல்லை. 10 மி.மீ. ஆரமுள்ள கால்வட்டத்தின் நீளம் 15.7 மி.மீ.; அதற்குள் நார்மல் 90 டிகிரி திரும்பியாக வேண்டும். மில்லிமீட்டருக்குச் சுமார் 5.7 டிகிரி. தட்டையில் பூஜ்யமாக இருந்த திருப்பம் ஃபில்லெட்டின் முதல் புள்ளியிலேயே 5.7-க்குத் தாவுகிறது. பிரதிபலித்த கதிர் நார்மலைப் போல் இரு மடங்கு திரும்பும் என்பதால், தட்டையில் நிதானமாக அகன்று கிடந்த விளக்கின் பிம்பம் அந்தக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நசுங்குகிறது. வெளிச்சம் மாறும் வேகத்தில் ஒரு முறிவு இருந்தால் நம் கண் அதைப் பெரிதாக்கிக் காட்டும். அங்கே இல்லாத ஒரு பட்டையைக்கூட வரைந்து காட்டும். 1860களில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் விவரித்ததால் அதற்கு மாக் பட்டை என்றே பெயர்.

இந்தத் திருப்பத்தின் வேகத்துக்குத்தான் வளைமை என்று பெயர். வட்டத்துக்கு அது 1-ஐ ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. 10 மி.மீ. ஆரத்துக்கு 0.1, 50 மி.மீ. ஆரத்துக்கு 0.02, நேர்கோட்டுக்கு 0. ஃபில்லெட்டின் தொடக்கத்தில் வளைமை 0-வில் இருந்து 0.1-க்கு ஒரே தாவலாகப் போகிறது. கோடு தெரிவதற்குக் காரணம் அந்தத் தாவல்தான்.

ரயில் பாதை போடுகிறவர்களுக்கு இது பழைய செய்தி. நேர்ப்பாதையை நேரடியாக வட்ட வளைவோடு சேர்த்தால் தண்டவாளத்தில் முனை எதுவும் இருக்காது. ஆனாலும் வண்டி அந்தப் புள்ளியைக் கடக்கும்போது பக்கவாட்டு விசை திடீரென்று வந்து ஆளைத் தள்ளும். அதனால் நடுவில் ஓர் இடைநிலை வளைவு வைக்கிறார்கள்; அதில் வளைமை பூஜ்யத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். இந்திய ரயில்வே இதற்கு முப்படிப் பரவளையத்தைப் பயன்படுத்துகிறது. நம் மாடலில் ஓடுவது ரயிலுக்குப் பதில் பார்வை. கணக்கு ஒன்றுதான்.

நான்கு படிகள்

இரண்டு பரப்புகள் சேருமிடம் எவ்வளவு சீராக இருக்கிறது என்பதை ஜி0, ஜி1, ஜி2, ஜி3 என்று சொல்வார்கள். ஜி என்பது ஜியோமெட்ரிக் என்பதன் முதலெழுத்து. ஜி0 என்றால் இரண்டும் இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். பெட்டியின் கூர்விளிம்பு ஜி0. ஜி1 என்றால் சேருமிடத்தில் இரண்டின் தொடுதளமும் ஒன்று, முனை கிடையாது. சாதாரண ஃபில்லெட் எல்லாமே ஜி1. ஜி2 என்றால் வளைமையும் இருபக்கமும் சமம். ஜி3 என்றால் அந்த வளைமை மாறும் வேகமும் சமம். ஒவ்வொரு படியும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஜி1 இல்லாமல் ஜி2 இருக்க முடியாது.

மென்பொருளில் இவை வேறு பெயர்களில் இருக்கும். காண்டாக்ட் அல்லது பொசிஷன் என்றால் ஜி0, டேன்ஜென்ட் என்றால் ஜி1, கர்வேச்சர் என்றால் ஜி2.

கீழ்ப்படியில் நடக்கும் சின்னப் பிழை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையும் ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். தொடுதளங்கள் 1 டிகிரி பிசகினால் பிரதிபலிப்பு 2 டிகிரி பிசகும். விளக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் பிரதிபலிப்பு அங்கே சுமார் 7 செ.மீ. விலகிப் போய் விழும். 1 டிகிரி என்பது பட்டறையில் ஒன்றுமே இல்லாத அளவு. பளபளப்பான மூடியில் அது உடைந்த கோடாகவே தெரியும். 0.1 டிகிரியாகக் குறைத்தாலும் 7 மி.மீ. விலகல் மிஞ்சும். ஆகவே ஜி2 பற்றிக் கவலைப்படும் முன் ஜி1 உண்மையிலேயே ஜி1-தானா என்று அளந்து பார்த்துவிடுவது நல்லது.

மாற்றத்துக்கு இடம் வேண்டும்

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஜி2 என்பது ஃபில்லெட் கட்டளையில் ஒரு தெரிவை மாற்றினால் இலவசமாக வந்துவிடும் என்று நினைப்பார்கள். வராது. வளைமை பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற வேண்டும், உச்சத்தைத் தொட்டு மெதுவாக இறங்க வேண்டும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நீளம் தேவை.

இதைக் கையால் செய்து பார்ப்பதே நல்லது. ரைனோ என்ற கேட் மென்பொருளில் கர்வ் கட்டளையை எடுத்து டிகிரியை (இது கோணம் அல்ல, வளைவின் கணிதப் படி) 5 என்று வைத்து, இந்த ஆறு புள்ளிகளையும் வரிசையாக மி.மீ. அளவில் தட்டுங்கள்: 16,0 – 10,0 – 3,0 – 0,3 – 0,10 – 0,16. பெட்டியின் மூலை 0,0 புள்ளியில் இருக்கிறது; ஒரு சுவர் கிடையாகவும் மற்றொன்று செங்குத்தாகவும் போகின்றன. முதல் மூன்று புள்ளிகளும் கிடைச்சுவரின் மேலேயே கிடக்கின்றன, கடைசி மூன்றும் செங்குத்துச் சுவரின் மேல். இந்த வளைவின் நடுப்புள்ளி மூலையிலிருந்து சுமார் 4.2 மி.மீ. தள்ளி நிற்கும். 10 மி.மீ. ஃபில்லெட்டின் நடுப்புள்ளியோ 4.1 மி.மீ. தள்ளி. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவு உருட்டல்தான். ஆனால் ஃபில்லெட் மூலையிலிருந்து 10 மி.மீ. தூரத்தில் தொடங்குகிறது; நம் வளைவு 16 மி.மீ. தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. நடுவில் அதன் ஆரம் 7.5 மி.மீ. அளவுக்கு இறுகுகிறது. தொடக்கத்தில் மெல்ல, நடுவில் இறுக்கமாக, முடிவில் மறுபடி மெல்ல.

இப்போது இரண்டின் மேலும் கர்வேச்சர் கிராஃபைப் போட்டுப் பாருங்கள். வளைவின் மேல் சீப்புப் பல் போல் கோடுகள் நிற்கும். ஒவ்வொரு பல்லின் உயரமும் அந்த இடத்து வளைமை. ஃபில்லெட்டில் பல்லே இல்லாத இடத்தில் திடீரென்று ஒரு மதில் எழும்பி, அதே உயரத்தில் ஓடி, திடீரென்று விழும். நம் வளைவில் ஒரு சின்னக் குன்று மாதிரி ஏறி இறங்கும். ஜி1-க்கும் ஜி2-க்கும் உள்ள வேறுபாடு மொத்தமும் இந்த மதிலுக்கும் குன்றுக்கும் இடையில் இருக்கிறது.

ஆக, 10 மி.மீ. ஃபில்லெட் போல் தெரிய வேண்டிய ஜி2 விளிம்புக்கு இருபுறமும் 16 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். 12 மி.மீ. தூரத்தில் ஒரு பொத்தானோ பிரிகோடோ வைத்துவிட்டீர்கள் என்றால் இடம் போதாது. அப்போது எந்த மென்பொருளாலும் உதவ முடியாது. ஒன்று விளிம்பு கூர்மையாகும், இல்லையென்றால் பிளெண்ட், அதாவது இரண்டையும் சீராக இணைக்கும் பரப்பு, தோற்கும். விளிம்புகள் எங்கே எவ்வளவு அகலம் கேட்கும் என்பதை முதல் ஸ்கெட்ச் போடும்போதே கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

சாலிட்வொர்க்ஸ் மென்பொருளின் ஃபில்லெட்டில் கர்வேச்சர் கண்டினியுவஸ் என்றும், ஃப்யூஷன் மென்பொருளில் ஜி2 என்றும் ஒரு தெரிவு இருக்கிறது. நேரான விளிம்புகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அதே எண்ணை வைத்துக்கொண்டு வகையை மட்டும் மாற்றினால் விளிம்பு முன்னைவிடக் கூர்மையாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் எண்ணை ஒன்றரை மடங்கு வரை ஏற்றிப் பாருங்கள். காரணம் மேலே சொன்ன 10-க்கும் 16-க்கும் உள்ள கணக்குதான்.

மூன்று புள்ளிகளின் வேலை

மேலே ஏன் ஆறு புள்ளி, ஏன் டிகிரி 5? இப்படிக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரையும் பெசியே வளைவில் முனையிலிருந்து எண்ணினால் முதல் புள்ளி இடத்தைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது திசையை, மூன்றாவது வளைமையை. நான்காவதும் அதற்கப்பால் உள்ளவையும் அந்த முனையின் ஜி2-வைத் தொடவே தொடாது. ஒரு முனைக்கு மூன்று என்றால் இரண்டு முனைக்கு ஆறு. டிகிரி 5 பெசியே வளைவுக்குச் சரியாக ஆறு புள்ளிகள். ஜி3 வேண்டுமென்றால் முனைக்கு நான்கு, மொத்தம் எட்டு, டிகிரி 7. வெறும் ஜி1 போதும் என்றால் முனைக்கு இரண்டு, டிகிரி 3. டிகிரி 3 வளைவில் இரண்டு முனையிலும் வளைமையைப் பூஜ்யமாக்க முயன்றால் நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளும் மூலையிலேயே போய் ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வடிவத்தைத் திருத்த ஒரு புள்ளியும் மிஞ்சாது.

அடுத்த பரப்பு தட்டையாக இல்லாமல் தானே வளைந்திருந்தால் மூன்றாவது புள்ளியை எங்கே வைப்பது? அதற்கு ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. முதல் புள்ளிக்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரம் அ. மூன்றாவது புள்ளி அந்தத் தொடுகோட்டிலிருந்து விலகி நிற்கும் தூரம் உ. டிகிரி 5 என்றால் முனையில் வளைமை = 0.8 × உ ÷ அ². அ 10 மி.மீ., உ 2.5 மி.மீ. என்றால் 0.02, அதாவது 50 மி.மீ. ஆரம். இப்போது அ-வை 20 ஆக்கினால் அதே 50 மி.மீ. ஆரத்துக்கு உ 10 ஆக வேண்டும். தூரம் இரட்டிப்பானால் விலகல் நான்கு மடங்கு. இரண்டாவது புள்ளியை மட்டும் பிடித்து இழுத்துவிட்டு, திசை மாறவில்லையே, பின் ஏன் ஜி2 போய்விட்டது என்று குழம்புவதற்கு இதுதான் காரணம். ரைனோவில் எண்ட்பல்ஜ் என்ற கட்டளை இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டு, முனையின் திசையும் வளைமையும் கெடாமல் புள்ளிகளை நகர்த்த விடும்.

இந்த வளைவுகள் கார் தொழிற்சாலையில் பிறந்தவை. சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோ 1959-இல் இந்தக் கணக்கைத் தொடங்கினார். நிறுவனம் அதை வெளியே விடவில்லை. ரெனோவில் பியேர் பெசியே தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து எழுதி வெளியிட்டதால் பெயர் அவருடையதாக நிலைத்தது. அதற்கும் முன்னால் கப்பல் கட்டுகிறவர்கள் மெல்லிய மரச்சட்டத்தை ஈயக் கட்டிகளால் அழுத்தி வளைத்துக் கோடு போட்டார்கள்; ஸ்ப்லைன் என்ற சொல் அந்தச் சட்டத்துக்கு உரியது. கட்டி அழுத்திய இடத்திலும் மரச்சட்டம் வளைமையில் தாவாது. இயற்கையாகவே ஜி2.

நல்ல பரப்புக்கு முன் நல்ல வளைவு

ஒரு பரப்பு அது கட்டப்பட்ட வளைவுகளைவிடச் சீராக இருக்க முடியாது. குறுக்குவெட்டுகளை இணைத்துப் பரப்பு கட்டும் லாஃப்ட் கட்டளைக்கான குறுக்குவெட்டை நேர்கோடு, வட்டவில், நேர்கோடு என்று வரைந்துவிட்டு, பிறகு பரப்பில் ஜி2 தேடினால் கிடைக்காது. வட்டவில் தொடங்கும் ஒவ்வொரு இடமும் பரப்பின் மேல் நீளமாக ஒரு கோடாக ஓடும். பார்வைக்கு முக்கியமான குறுக்குவெட்டுகளை ஸ்ப்லைனால், அதாவது சில புள்ளிகளால் வளைக்கும் ஒரே வளைவால், வரையுங்கள். சாலிட்வொர்க்ஸில் ஸ்டைல் ஸ்ப்லைன், ஃப்யூஷனில் கண்ட்ரோல் பாயிண்ட் ஸ்ப்லைன்.

புள்ளிகளைக் குறைவாக வையுங்கள். இதைவிட முக்கியமான அறிவுரை சர்ஃபேஸ் வேலையில் இல்லை. படத்தைப் பின்னணியில் வைத்து அதன் விளிம்பின் மேல் இருபது முப்பது புள்ளி தட்டி வரைந்த ஸ்ப்லைன் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். சீப்பைப் போட்டால் பல் மேலும் கீழுமாகப் பாம்பு போல் நெளியும். புள்ளி அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் வளைவு அதன் வழியாகப் போயாக வேண்டும், அதற்காக அங்கே உள்ளே குழிந்து, அடுத்ததில் வெளியே புடைக்கும். அதே வளைவை ஆறு கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் வரைந்தால் நெளிய வழியே இருக்காது. ஏற்கெனவே வரைந்துவிட்டீர்கள் என்றால் ரைனோவின் ரீபில்டு கட்டளையால் புள்ளிகளைக் குறைக்கலாம். எவ்வளவு விலகியது என்பதையும் அதுவே காட்டும்.

சீப்பின் பல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டினால் அங்கே வளைவு குழிவிலிருந்து புடைப்புக்கு மாறுகிறது என்று பொருள். நீங்கள் வேண்டுமென்று செய்த இடத்தில் மட்டுமே அது நடக்க வேண்டும்.

பரப்பைப் பொறுத்தவரை நான்கு பக்கம் இருப்பது நல்லது. கேட் மென்பொருள் பயன்படுத்தும் நர்ப்ஸ் பரப்பு என்பது அடிப்படையில் பாய் மாதிரி: குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரண்டு வரிசை இழைகள். மூன்று பக்கமுள்ள இடத்தில் அதை விரித்தால் ஒரு பக்கத்து இழைகள் எல்லாம் ஒரே புள்ளியில் குவிந்து முடிச்சாகிவிடும். அந்த முடிச்சில் நார்மல் எது என்பதே தெளிவாக இருக்காது. பிரதிபலிப்பு சுருங்கிக் கிள்ளியது போலத் தெரியும், பின்னால் தடிமன் கொடுக்க ஆஃப்செட் அல்லது ஷெல் போடும்போது அங்கேதான் தோற்கும். வழி என்ன? தேவையைவிடப் பெரிய நான்கு பக்கப் பரப்பைக் கட்டி, மூன்று பக்க வடிவத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவது பரப்பின் இழைகளைத் தொடாது. வெளியே தெரியாத பகுதி மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

மக்கின் கைப்பிடி

குளியலறைப் பிளாஸ்டிக் மக்கை எடுத்துக்கொள்வோம். உடல் 120 மி.மீ. விட்டமுள்ள, அடியில் கொஞ்சம் குறுகிய உருளை. கைப்பிடி 22-க்கு 16 மி.மீ. நீள்வட்ட வெட்டுள்ள வளைந்த தண்டு. தண்டு உடலில் முட்டும் இடத்தைச் சீராக்க வேண்டும்.

நேராக இரண்டையும் மோதவிட்டு, வெட்டுக்கோட்டில் 8 மி.மீ. ஃபில்லெட் போடுவது முதல் ஆசை. ஃபில்லெட் என்பது ஒரு பந்தை இரண்டு பரப்புக்கும் நடுவில் உருட்டுவது. தண்டு சாய்வாக முட்டுவதால், உட்பக்கக் கோணம் குறுகலாக இருக்கும் இடத்தில் பந்து விளிம்பிலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும், மறுபக்கத்தில் கிட்ட நிற்கும். ஃபில்லெட்டின் அகலம் சுற்றிலும் ஏறி இறங்கும். ஒளிக்கோடும் அதே மாதிரி அலையும். தண்டு குழிவாக வளையும் பக்கத்தில் அதன் வளைவு ஆரம் 8 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் பந்து உள்ளே இறங்கவே முடியாது. ஃபில்லெட் தோல்வி என்று செய்தி வரும்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம். உடல், தண்டு இரண்டையும் இணைப்பைப் பற்றிக் கவலைப்படாமல் தனித்தனியாக நல்ல பரப்புகளாகக் கட்டுங்கள். தண்டை உடலுக்கு 14 மி.மீ. முன்னாலேயே வெட்டி நிறுத்துங்கள். உடலில் தண்டின் நிழல் விழும் நீள்வட்டத்தைவிடச் சுற்றிலும் 12 மி.மீ. பெரிதாக ஒரு வளைவு வரைந்து அந்தத் துண்டை வெட்டி எடுங்கள். இப்போது நடுவில் பட்டை மாதிரி ஓர் இடைவெளி இருக்கிறது. அதன் அகலத்தைத் தீர்மானித்தது நீங்கள், பந்து அல்ல. அந்த இடைவெளியை ரைனோவில் பிளெண்ட்சர்ஃப் கட்டளையாலும், சாலிட்வொர்க்ஸில் பவுண்டரி சர்ஃபேஸ் அல்லது லாஃப்ட்டாலும் நிரப்பி, இரண்டு விளிம்பிலும் கர்வேச்சர் என்று தெரிவுசெய்யுங்கள்.

நிரப்பிய உடனே சரியாக வருவது அபூர்வம். முதலில் பார்க்க வேண்டியது முறுக்கு. மூடிய விளிம்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடக்கப் புள்ளி உண்டு; தண்டின் தொடக்கம் மேலேயும் உடலின் தொடக்கம் பக்கவாட்டிலும் இருந்தால் நடுவில் உள்ள பரப்பு துணி பிழிந்தாற்போல் முறுகும். இரண்டையும் ஒரே நேருக்கு நகர்த்துங்கள், அம்புக்குறிகள் ஒரே திசையில் சுற்றுகின்றனவா என்றும் பாருங்கள். அடுத்தது இழுவிசை: விளிம்பின் திசையைப் பரப்பு எவ்வளவு தூரம் தொடர வேண்டும் என்பதற்கான எண். அதைக் கூட்டினால் பரப்பு இரு பக்கத்தையும் அதிக தூரம் தழுவிப் போய் நடுவில் இறுகும். குறைத்தால் நடுவில் அகலமாகத் தொய்யும். மிகவும் கூட்டினால் நடுவில் மடிப்பு விழும். சீப்பில் ஒரே ஒரு குன்று நிற்கும் வரை மாற்றிப் பார்ப்பதுதான் வழி. நடுவில் இரண்டு குன்றும் ஒரு பள்ளமும் தெரிந்தால் இழுவிசை இன்னும் சரியாகவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள்: வெட்டிய விளிம்பு என்பது இரண்டு பரப்புகளின் வெட்டுக்கோடு, மென்பொருள் அதைத் தோராயமாகத்தான் கணக்கிட்டு வைத்திருக்கும். அந்தத் தோராயத்தின் எல்லைதான் டாலரன்ஸ். ரைனோவில் சிறிய பொருட்களுக்கான மி.மீ. டெம்ப்ளேட்டில் அது 0.001. பெரிய பொருட்களுக்கான டெம்ப்ளேட்டில் தொடங்கிவிட்டுப் பாதி வேலையில் மாற்றினால், ஏற்கெனவே கட்டிய விளிம்புகள் பழைய தளர்வோடேயே இருக்கும். கோப்பைத் திறந்த உடனே பார்த்துவிட வேண்டிய முதல் விஷயம் இது.

வரிக்குதிரையை வாசிப்பது

பெரும்பாலான கேட் மென்பொருளில் ஸீப்ரா என்றொரு சோதனை உண்டு. மாடலைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அறை இருப்பதாக வைத்து, அதன் பிரதிபலிப்பைப் பரப்பில் காட்டும். பட்டைகள் விளிம்பில் வந்ததும் பொருந்தாமல் இடம் மாறி நின்றால் அங்கே தொடுதளம் சேரவில்லை, ஜி0 மட்டுமே. பட்டைகள் சேர்ந்துகொண்டாலும் விளிம்பில் முழங்கை மாதிரி மடங்கினால் ஜி1. மடங்காமல் வழுக்கிக்கொண்டு போனால் ஜி2. ஜி2-க்கும் ஜி3-க்கும் உள்ள வேறுபாட்டை ஸீப்ராவில் பிரித்துப் பார்ப்பது கடினம். அதற்குச் சீப்புதான்: பற்களின் நுனிகளை இணைக்கும் கோட்டில் முனை இருந்தால் ஜி2, அந்தக் கோடும் வளைந்தே போனால் ஜி3.

ஒரே கோணத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். பட்டைகள் விளிம்புக்கு இணையாக ஓடும்போது பிழை மறைந்துகொள்ளும். விளிம்பைக் குறுக்காகக் கடக்கும்போதுதான் தெரியும். மாடலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள். பட்டைகள் எல்லா இடத்திலும் பொடிப்பொடியாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பதற வேண்டாம். திரைக்காகப் பரப்பைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்திருப்பது கரடுமுரடாக இருக்கிறது, அவ்வளவுதான். மெஷ் அடர்த்தியைக் கூட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எண்ணாகவே தெரிந்துகொள்ள ரைனோவில் ஜிகான் கட்டளை இரண்டு வளைவு முனைகளின் இடைவெளி, கோண வேறுபாடு, ஆர வேறுபாடு மூன்றையும் சொல்லும்.

பாதியை வரைந்து மிரர் செய்கிறபோது

சமச்சீரான பொருட்களில் பாதியை மட்டும் கட்டி மறுபாதியை மிரர் செய்வது வழக்கம். நடுக்கோட்டில் மெலிதாக ஒரு முகடு தெரிகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். வளைவு நடுத்தளத்தைச் சரியாகச் செங்குத்தாக முட்டாததுதான் காரணம். 89.5 டிகிரியில் முட்டினால் மறுபாதியும் அதே பிழையோடு வந்து சேரும். மொத்தம் 1 டிகிரி முனை. திருத்துவது சுலபம்: நடுத்தளத்தில் உள்ள முதல் புள்ளியையும் அடுத்ததையும் இணைக்கும் கோடு தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி கட்டுப்படுத்திவிடுங்கள். பரப்பாக இருந்தால் நடுவோரத்தில் உள்ள முதல் இரண்டு வரிசைப் புள்ளிகளுக்கும் இதே விதி. அப்படிச் செய்துவிட்டால் ஜி2 தானாகவே கிடைத்துவிடும். ஒரு பக்கத்து வளைமை மறுபக்கத்திலும் அப்படியே பிரதியாகிறதே. ஜி3 மட்டும் தானாக வராது. வளைமை நடுக்கோட்டை நோக்கி ஏறிக்கொண்டே வந்தால் அங்கே சீப்பில் கூரை முகடு மாதிரி ஒரு முனை நிற்கும். ஏறுவது நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று சமமாகும்படி மூன்றாவது, நான்காவது புள்ளிகளைத் திருத்த வேண்டும்.

மூன்று விளிம்புகள் ஒரு மூலையில் சேருமிடமும் தனிக் கவனம் கேட்கும். மூன்றும் ஒரே ஆரமுள்ள ஃபில்லெட்டாக இருந்தால் மூலை எட்டில் ஒரு பங்கு கோளமாக வரும். பந்தை ஒட்டவைத்தது போலத் தெரியும். ஃப்யூஷன், சாலிட்வொர்க்ஸ் இரண்டிலும் செட்பேக் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு ஃபில்லெட்டையும் மூலைக்கு முன்னாலேயே நிறுத்தி, நடுவில் ஒரு பரப்பை விரித்துப் போடும். நிறுத்தும் தூரத்தை ஃபில்லெட் ஆரத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வைத்துத் தொடங்குங்கள். ஃபில்லெட்டுகளின் வரிசையும் முக்கியம்: பெரிய ஆரத்தை முதலில், சிறியதைக் கடைசியில். மாற்றிப் போட்டால் பெரிய ஃபில்லெட் சின்னதை விழுங்க முயன்று தோற்கும்.

எங்கே விட்டுவிடலாம்

எல்லா விளிம்புக்கும் ஜி2 தேடுவது நேரத்தை வீணாக்குவது. உள்ளே மறைந்திருக்கும் விலா, திருகு ஏறும் பாஸ், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் இவற்றுக்குச் சாதாரண ஃபில்லெட்டே நல்லது. வரைபடத்தில் ஆர் 3 என்று ஒரு எழுத்தும் ஓர் எண்ணும் எழுதினால் போதும். பட்டறையில் அந்த ஆரமுள்ள கருவியால் வெட்டுவார்கள், ரேடியஸ் கேஜ் வைத்துச் சோதிப்பார்கள். ஜி2 பிளெண்டுக்கு அப்படி ஒற்றை எண் கிடையாது. முப்பரிமாணக் கோப்பை அனுப்பியாக வேண்டும். சொரசொரப்பான மேற்பூச்சு வரும் பகுதியிலும் ஜி1-க்கும் ஜி2-க்கும் வேறுபாடு தெரியாது. நேரத்தை எல்லாம் பளபளக்கும் பகுதிக்கும், கை பிடிக்கும் பகுதிக்கும், விளக்கு விழும் பெரிய மேல்முகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கோப்பை வெளியே அனுப்பும்போது. ஸ்டெப் கோப்பு நர்ப்ஸ் பரப்பை அப்படியே கொண்டுபோகும். எஸ்டிஎல் கோப்பு எல்லாவற்றையும் தட்டை முக்கோணங்களாக உடைத்துவிடும்; ஜி2 என்ன, ஜி1-கூட அதில் இல்லை. 3டி பிரிண்டுக்கு எஸ்டிஎல்தான் வேண்டும் என்றால் ஏற்றுமதிப் பெட்டியில் விலகலை 0.01 மி.மீ. அளவுக்கும் கோணத்தை 5 டிகிரிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். 0.2 மி.மீ. அடுக்கில் அச்சிட்ட மாதிரியை வைத்து இணைப்பின் தரத்தை எடைபோட வேண்டாம். அடுக்குக் கோடுகளே எல்லாவற்றையும் மூடிவிடும். தேய்த்து, புட்டி பூசி, பளபளக்கும் கறுப்பு ஸ்ப்ரே அடித்து, ட்யூப்லைட்டுக்கு அடியில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திரையில் வரிக்குதிரை காட்டியது கையிலும் தெரியும்.